நாரைகளுக்காக நின்ற சக்கரம்

திருவளர்க! வளி ஓயாத கணவாய்க்கும், அதன்மேல் எழுந்த ஏழு காற்றுச்சக்கரங்களுக்கும் உரியவரான வளிமலை நாட்டரசர், வான்குடைப் பெருமான் பொறையெழிலனார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் குமிழூர் கிழார் வரையும் ஓலை. ஏரிகள் நிறைந்து கழனிகள் விளைந்து பொலியும் நன்னீர் நாட்டுக் கோமகனார் திரையவேளார் திருமுன் சேர்க. தங்கள் குடையும் குடிகளும் தீங்கின்றி வாழ்க.

சென்ற திங்கள் தாங்கள் எம் நாட்டுக்கு விருந்தாக எழுந்தருளியபோது, முரசு முழங்க, எம் மன்னர்பிரான் நீரேற்றும் சக்கரங்களைச் சுட்டிக் கைகாட்டிய வேளையில் அவை சட்டென நின்றுபோயின. நாடு திரும்பியதும், நீர் இறைக்க உதவுமென்று தாங்கள் ஆறு எருதுகளை அனுப்பிவைத்தீர்கள். சக்கரங்களை நிறுத்தி மன்னரைத் தலைகுனிய வைத்த மாசாத்தியின் வலக்கையை வெட்டுமாறு அறிவுரையும் வழங்கினீர்கள். எருதுகள் நல்ல எருதுகள். அறிவுரைக்குத்தான் விடை எழுத வேண்டியிருக்கிறது.

மாசாத்தி சக்கரங்களின் அச்சுக்கு எண்ணெய் இடுபவள். சக்கரங்கள் எழுந்த முதலாண்டில், பள்ளத்து ஆற்றுநீர் மேட்டுவயல்களில் ஏறக்கண்டு நாடே கூத்தாடியபோது, சக்கரங்களின் அடியில் சிறகொடிந்து கிடந்த செங்கால் நாரைகளை அள்ளி எடுத்தவள் அவள் ஒருத்தியே. ஒருநாள் அவற்றுள் ஒன்றை முந்தானையில் பொதிந்து வந்து அரியணைப் படியில் கிடத்தினாள். மன்னர்பிரான் குனிந்து அதன் ஒடிந்த சிறகைத் தடவிப் பார்த்தார். பின்னர், பறவைகள் தொலைவிலேயே கண்டு விலகும்படி சக்கரந்தோறும் காற்றை வாங்கிச் சுழலும் அலகுகளுள் ஒன்றுக்குக் கருமை பூசுக என்றும், கணவாயில் நாரைக்கூட்டம் தென்பட்டால் மாசாத்தி தடைக்கயிற்றை இழுத்து ஏழு சக்கரங்களையும் நிறுத்துக, அவை கடந்து முடியும்வரை எவர் சொல்லினும் தளர்த்தற்க என்றும் ஆணையிட்டார்.

தாங்கள் வந்த அன்றும் வடக்கே கூட்டம் தென்பட்டது. அவள் கயிற்றை இழுத்தாள். தண்டநாயகர் வாளை உருவிக்கொண்டு ஓடி, விருந்தரசர் காத்திருக்கிறார், கயிற்றை விடு என்று அதட்ட, கையை வெட்டினாலன்றிக் கயிறு தளராது என்று மறுமொழி தந்தாள். தாங்கள் நகைத்த ஒலி எம் மன்னர் செவியில் விழுந்தது. அவர் முகம் சிவந்ததை இவ்வோலை மறைக்காது; அவளைக் காவலில் வைக்கச் சொன்னவரும் அவரே.

மறுநாள் அவளை அவைக்கு அழைத்து, விருந்தினர் முன்னிலையில் சற்றே பொறுத்திருக்கலாகாதா என்று மன்னர் வினவினார். விருந்தினர் வரவு அரண்மனைக்குத் தெரியும், நாரைகளுக்குத் தெரியாது என்றாள் மாசாத்தி. எவர் சொல்லினும் என்ற சொல்லில் மன்னரும் அடக்கம் என்றே தான் எண்ணியதாகவும், அது பிழையெனில் கை இதோ என்றும் விண்ணப்பித்து, கயிறு அறுத்த புண் ஆறாத கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

மன்னர்பிரான் அரியணை விட்டு இறங்கினார். எம் ஆணையை எமக்கெதிராகவே காக்கும் ஒருத்தி இந்நாட்டில் இருக்கிறாள், இதனினும் பெரிய படை எமக்கு வேண்டுவதில்லை என்று அவை அதிரச் சொன்னார். இதை வரையும் கிழவனும் அன்று வெட்கமின்றி அழுதான்.

ஆகவே எருதுகள் மாலை சூட்டப்பெற்று இவ்வோலையோடு திரும்பி வருகின்றன. அன்று கடந்த நாரைகள் தெற்கே பறந்து சென்றது தங்கள் ஏரிக்கே என்பதைக் கரைமரங்களில் கூடுகட்டி நிற்கும் அவற்றைக் கண்டு தாங்களே தெளியலாம். மீண்டும் விருந்துக்கு எழுந்தருள்க. சக்கரங்கள் நின்றால் நகையாது வானத்தை நோக்குக.

நாரைகளுக்காகச் சக்கரங்களை நிறுத்தும் இவ்வாணை சந்திர சூரியர் உள்ளளவும் நிற்க. பொறையெழிலனார் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, தைத்திங்கள். ஓலையின் கீழுள்ள அரச முத்திரை, மன்னர் கட்டளைப்படி, மாசாத்தி தன் வலக்கையால் இட்டது.