குழாயில போட்ட ப்ளூஸ் பாட்டு

இயேசு மரி சூசை துணை

காமயகவுண்டன்பட்டி
ஜனவரி 4

அன்பு மகள் அனிதா மேரிக்கு அப்பா லூர்துநாதன் எழுதுறது. இங்கன நானும் அம்மாவும் உசிரோட இருக்கோம். இத வழக்கமா எழுதுற வார்த்தைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிராத, இந்த வாட்டி இத அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு, கீழ வருது. அங்கன வின்னிப்பெக்குல நீயும் நம்ம மாப்பிள்ளையாகப் போற ரெக்ஸ் தம்பியும் சளி இருமல் இல்லாம இருக்க மாதாவ வேண்டிக்கிறோம். உங்க ஊர்ல மைனஸ் இருபத்தெட்டுன்னு போன்ல காட்டுச்சு. போன் கெட்டுப்போச்சோன்னு அணைச்சுப் போட்டுப் பார்த்தேன், மைனஸ் இருபத்தொம்பதுன்னு காட்டுச்சு, அதுக்கு மேல அணைக்கல. வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா அம்மா குறுக்க குறுக்க பேசுவா, அதனாலதான் தாள்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தி நீ போன்ல சொன்னத நான் மறக்கல ஆத்தா. மே மாசம் நம்ம கோயில்ல கல்யாணம், மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓலை வாசிக்கணும், எல்லாம் சரி, ஆனா பெரியப்பா வந்து முன்னால நிக்கலேன்னா டிக்கெட்டே போட மாட்டேன், இங்கனயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிறேன்னு சொன்ன. முதல் பத்திரிகைய நானே நடந்து போயி அவுக கையில குடுக்கணும்னும் சொன்ன. நான் போன அம்மாகிட்ட குடுத்துட்டேன். ஆறு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத மனுசன் வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது. திராட்சைத் தோட்டத்தப் பாகம் பிரிச்சப்ப எல்லைக் கல்லுக்கு நேரா ஒரு வரிசைக் கொடி நின்னுச்சு, அது அவுக வரிசைன்னு உங்க பெரியப்பா சொன்னாக, என் வரிசைன்னு நான் சொன்னேன், அவ்வளவுதான் சண்டை. அதுக்கு யாரு தண்ணி விடுறதுன்னு ரெண்டு பேருமே விடல. இப்ப அந்த வரிசையில கொடி இல்ல, கல்தூணும் கம்பியும் மட்டும் நிக்குது. சண்டை நல்லா இருக்கு.

உன் விசயத்துக்குப் பின்னால வர்றேன். முதல்ல நீ வருசா வருசம் அனுப்புற புதுவருசப் பட்டியல். இந்த வருசம் கிறிஸ்துமஸுக்கே இருபத்துமூணு லிங்க் வந்துச்சு, ஒண்ணு விடாம பார்த்தேன். ஒருத்தன் பதினெட்டு வருசமா தன் வீட்டு எதுத்தாப்புல நிக்கிற குப்பைத்தொட்டிய தினமும் ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கான். முழுசும் பார்க்க நாலு நாள் ஆச்சு. நடுவுல ஒரு வருசம் பச்சைத் தொட்டிய எடுத்துட்டு நீலத் தொட்டி வச்சுட்டாக, எனக்கு மனசு கேக்கல, அன்னிக்குச் சரியா சாப்பிடல. இன்னொருத்தி ஊர் ஊரா போயி வீட்டு பிரிட்ஜ் ஓடுற சத்தத்தப் பதிவு பண்ணிப் போட்டிருக்கா. அம்மா அத ரொம்ப கவனமா கேட்டுட்டு, நம்ம பிரிட்ஜ்ல கம்ப்ரசர் போகப்போகுதுன்னு சொன்னா. மறுநாளே போயிருச்சு. பட்டனை அமுக்குனா நீங்கள் பட்டனை அமுக்கினீர்கள்னு மட்டும் சொல்ற பக்கத்தையும் பார்த்தேன். நம்ம தாலுகா ஆபீஸ்ல அத மாட்டி வைக்கலாம், அமுக்குனதையாவது ஒத்துக்கிடுது.

பட்டியல்ல இருந்த பாட்டுகளுக்கு வர்றேன். ப்ளூஸ்னா என்னன்னு நீ எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். பருத்திக்காட்டுல வேலை பார்த்த ஜனங்க துக்கத்தப் பாட்டாக்குனதுன்னு போட்டிருந்த. எனக்கு அர்த்தம் புரியணும்னு ஒவ்வொண்ணுக்கும் கீழ தமிழ்ல எழுதியிருந்தது உபகாரமா இருந்துச்சு. எனக்குப் பிடிபட்டது என்னன்னா அந்தாளுக ஒரு வரிய ரெண்டு தடவை பாடுறாக, மூணாவது வரியிலதான் விசயத்தச் சொல்றாக. ரயில் போயிருச்சு, ரயில் போயிருச்சு, டிக்கெட் என் பையிலதான் இருக்குன்னு ஒரு கிழவன் பாடுனானே, அந்த நாலாவது பாட்டு, அத எத்தனை தடவை கேட்டேன்னு தெரியல. நம்ம அக்கம்மாள் ஒப்பாரி வச்சாலும் இதே கணக்குத்தான், ரெண்டு தடவை இழுத்துட்டு மூணாவதுலதான் செத்தவனத் திட்டுவா. அக்கம்மாளுக்குப் போட்டுக் காட்டுனேன். அவ கொஞ்ச நேரம் கேட்டுட்டு, இந்தாளு நம்ம பக்கமா, யாருக்காக அழுகுறாருன்னு கேட்டா. ரயிலுக்காகன்னு சொன்னேன். பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டா.

இப்ப புதுவருசத்தன்னிக்கு நடந்தது. நம்ம தெருக்காரக கூடிச் செபம் பண்ற அன்பியக் கூட்டத்துக்கு இந்த வாட்டி நம்ம வீட்டு முறை. பந்தல்காரன் தங்கபாண்டி காலையிலயே வாசல்ல சாமியானா போட்டு, சேப்பு நாற்காலி நாப்பது எறக்கி, மொட்டமாடியில குழாய் ரேடியோவக் கட்டிட்டு, பதினோரு மணிக்குத்தான கூட்டம்னு டீ குடிக்கப் போயிட்டான். ஆம்ப்ளிபயர் நம்ம முன்னறையில. போன அதுல சொருகுற வித்தைய அவன்கிட்ட முன்னமே கேட்டு வச்சிருந்தேன். எம் பிள்ளை அத்தனை தூரத்துல இருந்து அனுப்புன பாட்டு, ஊரும் கேக்கட்டுமேன்னு தோணுச்சு, நாலாவது பாட்ட வச்சுச் சத்தத்த முழுசும் திருகிட்டேன். வேணாங்க, முதல்ல ஒரு மாதா பாட்டு போட்டுட்டு அப்புறம் என்ன கழுதையையும் போடுங்கன்னு அம்மா சொன்னா. நான் கேக்கல. உனக்குத் தெரியாததா, நம்ம ஊர்ல நல்ல காரியத்துக்குக் குழாய் கட்டுனா முதல் பாட்டு மாதா பாட்டு, அது இல்லாம எடுத்த எடுப்புல ஒரு ஆம்பளைக் குரல் இழுத்து அழுதா அது எழவு வீடு. வாசல்ல சாமியானா வேற. கிறிஸ்துமஸ் வாரம் பூராவும் நான் காய்ச்சல்ல கிடந்து பூசைக்கே போகாதது வேற ஊருக்கே தெரியும். நம்ம தெருக்காரகளுக்குக் கூட்டம்னு தெரியும், மத்த தெருக்காரகளுக்கு என்ன தெரியும்.

முதல்ல வந்தது கீழத்தெரு செல்லப்பாண்டி, கையில ரோசாப்பூ மாலை. நல்ல மாலை, குறை சொல்ல முடியாது. அம்மா அப்பத்தான் தலைக்குக் குளிச்சுட்டு முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னிருக்கா, அவன் அவ கையப் புடிச்சுக்கிட்டு எப்பன்னு கேட்டிருக்கான். கூட்டத்தக் கேக்குறான்னு நினைச்சு பதினோரு மணிக்குன்னு இவ சொல்லியிருக்கா. அதுக்குள்ளயா அடக்கம், வெளியூர்ல இருக்கிற மக வர வேண்டாமான்னு அவன் கேட்டதும்தான் இவளுக்கு விளங்கியிருக்கு. அதுக்குள்ள பத்துப் பதினஞ்சு பேரு வந்து நாற்காலியில உக்காந்துட்டாக. நான் உள்ள ஆம்ப்ளிபயர்கிட்ட குனிஞ்சு, பாட்டு திரும்பத் திரும்ப ஓட எந்தப் பட்டன்னு தேடிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் உங்க பெரியப்பா வந்தாக.

தோட்டத்துல இருந்து ஓடியே வந்திருக்காக. பனிக்கு இலையெல்லாம் சாம்பல் நோய் விழுகுதுன்னு புதுவருசமும் அதுவுமா மருந்தடிக்கப் போயிருக்காக. சட்டை இல்ல, செருப்பு இல்ல, முதுகுல மருந்து டாங்கு அப்படியே தொங்குது. அத எறக்கி வைக்கணும்னுகூட அந்த மனுசனுக்குத் தோணல பாரு. வாசல்ல யார் மூஞ்சியையும் பார்க்காம நேரா உள்ள வந்து, ஏலே லூர்துன்னு ஒரு சத்தம். உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்டான்னு கோயில் வாசல்ல ஊர் முன்னால வச்சுச் சொன்ன அதே வாய். நான் நிமிர்ந்து திரும்புனேன். ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நின்னோம், அந்தக் கிழவன் மாடியில டிக்கெட்டு டிக்கெட்டுன்னு பாடிக்கிட்டு இருக்கான். அப்புறம் உங்க பெரியப்பா கைய ஓங்கி என் கன்னத்துல ஒண்ணு விட்டாக. அறுபத்திரண்டு வயசுல அடி வாங்குனேன் தாயி, இன்னும் கடவாப்பல் வலிக்குது. அவுக மூஞ்சியெல்லாம் கண்ணீரு, மருந்து தெறிச்சிருச்சுன்னு சொன்னாக. டாங்கு மூடியே திறக்கல, தளும்பத் தளும்ப நிறைய இருந்துச்சு.

அம்மா சொம்புல தண்ணி கொண்டாந்தா, வாங்கி முழுசும் குடிச்சாக. டாங்கோட அப்படியே திரும்பி நடந்துட்டாக. அண்ணேன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடல. செல்லப்பாண்டி மாலைய என்ன செய்யன்னு கேட்டான், கோயில் கெபியில நிக்கிற மாதாவுக்குப் போடச் சொன்னேன். பதினோரு மணிக் கூட்டத்துக்கு இது வரைக்கும் எந்த அன்பியத்துலயும் சேராத கூட்டம், நாற்காலி பத்தல. சாமியார் வந்து சேசுவோட உயிர்ப்பைப் பத்திப் பேசுனாரு, எல்லாரும் என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தாக.

மூணு நாளா எனக்கு ஒரே யோசனை. நான் முதல்ல போகக் கூடாது, அவுகதான் முதல்ல வரணும்னு ஆறு வருசம் இருந்தேன். அவுக வந்துட்டாக. அந்தக் குழாய் அவுக வீட்டு மாடியில கேட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன். ஓடித்தான் இருப்பேன். ஆனா வேட்டிய மாத்தி, சட்டை போட்டு, ஊர் என்ன சொல்லும்னு ஒரு நிமிசம் நின்னு யோசிச்சுட்டுத்தான் ஓடியிருப்பேன். அது எனக்குத் தெரியுது, வெக்கமா இருக்கு ஆத்தா. அந்த மனுசன் ஒரு நிமிசம்கூட நிக்கல. நாளைக்குக் காலையில போறேன், நீ டிக்கெட் போடு. போடுறதுக்கு முன்னாடி தேதிய அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, தவக்காலத்துல கல்யாணம் வைக்கக் கூடாதே, அது முடிஞ்சிருமா முடிஞ்சிருமான்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா, மே மாசம்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறா.

காதை மூடுற குல்லா இல்லாம வெளிய போகாத. குப்பைத்தொட்டிக்காரன் புதுப் படம் போட்டா உடனே அனுப்பு. சேசுவும் மாதாவும் உன்னையும் ரெக்ஸ் தம்பியையும் நெத்தியில சிலுவை போட்டுக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உசிரோட இருக்கும் உன் அப்பா
லூ. லூர்துநாதன்

ஜனவரி 5. போயிட்டு வந்துட்டேன். பத்திரிகை இன்னும் அச்சடிக்கல, வெறுங்கையோட போக ஆகாதுன்னு வெள்ளைத்தாள்ல என் கையால எழுதிக் கொண்டுபோனேன். உங்க பெரியப்பா கண்ணாடியப் போட்டு மூணு தடவை படிச்சுட்டு, மூத்தவன் நான்தான, என் பேரு மேல வரணும், உன் பேரு கீழன்னு சொன்னாக. நான் சரின்னுட்டேன். அப்புறம் உனக்கு ஒரு வார்த்தை எழுதணும்னு இந்தக் கடுதாசிய வாங்குனாக, எழுதுனத நான் படிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. அதனால அவுக எழுதுன பக்கத்தக் கண்ண மூடிக்கிட்டுத்தான் போட்டோ புடிச்சேன், கலங்கலா இருந்தா சொல்லு, மறுபடி மூடிக்கிட்டு எடுக்குறேன்.

அனிதா ஆத்தா, பெரியப்பா எழுதுறேன். அன்னிக்கு உங்கப்பன் போயிட்டான்னு நினைச்சு ஓடி வந்தப்ப ஓடைக்கரையில கால் ஓடல, உக்காந்துட்டேன். உனக்கு போன் போட்டு எந்த வாயால சொல்றதுன்னு அங்கனயே அழுதேன். அவன் நிமிர்ந்து பார்த்தப்ப எனக்கு வந்த சந்தோசத்த எப்படிக் காட்டுறதுன்னு தெரியாமத்தான் கை ஓங்கிட்டேன். அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்கும், போன்ல பேசும்போது பல்லு எப்படி இருக்குன்னு நீயாக் கேக்குற மாதிரிக் கேளு. கல்யாணத்துக்கு வா, நான் முன்னால நிக்கிறேன்.
பெரியப்பா இமானுவேல்