வீராசாமியின் முழுக்கைச் சட்டை

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். எக்ஸ்ரேயே சாட்சி சொல்லிவிட்டது, பதறாதே.

என் அறையில் தங்கியிருக்கும் லேத் பட்டறை கஜபதி அண்ணனுக்குக் காசநோய். ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் நர்ஸ் கஸ்தூரி வந்து வீட்டில் எல்லோருக்கும் முன்கையில் சோதனை ஊசி போட்டார். மறுநாள் என் கை வீங்கியது. வீட்டுக்காரர் வீராசாமி குதித்தார்.

"உனுக்கும் ஒட்டிக்கினுச்சுடா! ஞாயித்துக்கெயமக்குள்ள ரெண்டு பேரும் ஊட்டக் காலி பண்ணுங்க!"

மூன்றாம் நாள் நர்ஸ் வீக்கத்தை அளக்க வந்தார். மே மாத வெயிலில் வீராசாமி முழுக்கைச் சட்டையில் நின்றார்.

"இன்னா நைனா, ஊட்டிக்குக் கெளம்பிட்டியா?" என்று கேட்டபடி அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டேன். என்னுடையதைவிடப் பெரிய வீக்கம்!

"அப்ப நானும் காலி பண்ணணுமா சிஸ்டர்?" என்றார் வீராசாமி.

நர்ஸ் சிரித்துவிட்டார். "வீங்கினா நோய்னு அர்த்தமில்ல. கிருமி எப்பவோ உள்ள வந்திருக்கு. வெள்ளை அணுங்க அதை அடையாளம் வெச்சிருக்கு. ஊசி மருந்துல மறுபடி அந்தக் கிருமியோட வாடை பட்டதும், அதுங்களுக்குள்ள சில மரபணுங்க முழிச்சுக்கிட்டு, ஆளைக் கூப்பிடச் சொல்லும். அந்தக் கூட்டம்தான் இந்த வீக்கம். எதுக்கும் எக்ஸ்ரே எடுங்க."

எனக்கும் வீராசாமிக்கும் நெஞ்சு சுத்தம்.

என்னை அழைத்துவர அப்பாவை அனுப்பாதே, வரமாட்டேன். கஜபதி அண்ணன் இன்னும் ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். மறந்தால் திட்ட ஆள் வேண்டாமா? எள்ளுப்பொடி இரண்டு பேருக்கு அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் வை. போர்வை இருக்கிறது, இருந்தாலும் வை.

பட்டறைச் சங்கு ஊதுகிறது.

காலி செய்யாத உன் மகன்,
உத்தமன்