மூன்றரை மணி பஸ்

காணை
21.4.2025

அன்புள்ள தம்பி செழியனுக்கு,

அக்கா கலைமதி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மல்லாட்டை பிடுங்கி முடித்தாயிற்று. அம்மா உனக்கென்று ஒரு பை வேர்க்கடலை தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், அப்பா கண்ணில் படாத இடத்தில்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ ஏதாவது தமாஷ் செய்து பேச்சை மாற்றிவிடுவாய். நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால் ஆபீசில் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திண்டிவனத்து இடம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் குமரேசன். மருந்துக் கடை வைத்திருக்கிறார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசினார், இரண்டுமே மரியாதையாக இருந்தன. வைகாசி 25, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மண்டபம் திண்டிவனத்திலேயே.

அவருடைய தாய்மாமன் தாண்டவராயன் என்று ஒருவர். அந்த வீட்டில் எல்லாம் அவர் சொல்வதுதான். வெள்ளிக்கிழமை வந்திருந்தபோது உன் போட்டோவைக் கேட்டார். அம்மா நீ பத்தாவது படித்தபோது எடுத்ததைக் காட்டினாள். "இது பழசும்மா. இப்ப எப்டி இருக்காரு மச்சான்?" என்றார். நான் என் போனில் இருந்ததைக் கொடுத்துவிட்டேன். தோள்வரை தொங்கும் முடி, முன்னால் ஒரு நீலக் கற்றை, கறுப்புச் சட்டை என்று நீ நிற்பது.

"இன்னாம்மா இது? பையன்னு சொல்லிட்டு புள்ளிங்கோ கூட்டத்துல ஒண்ண புடிச்சாந்து வெச்சிருக்கீங்க? புருவத்துல இன்னாது அது, மாட்டுக்குப் போட்ட மூக்கணாங்கயிறு மாதிரி?"

"அவன் எங்க பேச்ச எங்க கேக்கறான்? அவன நாங்க சேத்துக்கறதே இல்ல," என்றார் அப்பா. அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மணையில் எனக்குப் பொரி போட உடன்பிறந்தவன் வேண்டும். முடியை வெட்டிக்கொண்டு வந்தால் நீ போடலாமாம். இல்லையென்றால் பெரியப்பா மகன் ராஜ்குமார் போடட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு நீதான் போட வேண்டும், செழியா. வெட்டிக்கொள்வாயா? திரும்ப வளர்ந்துவிடுமே.

உன் அக்கா,
கலைமதி

குயிலாப்பாளையம்
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன் எழுதுவது. உன் கடிதத்தை பேக்கரியில் அடுப்புப் பக்கம் நின்று படித்ததில் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. அதற்கு நீதான் பொறுப்பு.

குமரேசன் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மூக்கணாங்கயிறு சங்கதியைக் கூட வேலை செய்கிற பெனாசிர் அக்காவிடம் சொன்னேன். மாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் கோட்டக்குப்பத்திலிருந்து பர்தாவில் வருவார்கள். நான் என் முடியோடு வருவேன். பஸ்ஸில் எல்லோரும் எங்களைத்தான் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். "நீ கூட வந்தா எனக்கு நிம்மதி தம்பி, பாதி கண்ணு உன்மேல போயிடுது" என்பார்கள்.

வெட்டுவது பற்றி. முடியாது அக்கா. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. போன வருஷம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா பர்ஸைக் காணோம் என்று கத்தியதும் பத்துப் பேர் வந்து என் சட்டையைத்தான் பிடித்தார்கள். பர்ஸ் அந்த அம்மாவின் கூடைக்குள்ளேயே காய்கறிக்கு அடியில் இருந்தது. அப்போதும் ஒருத்தரும் தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. "நீ ஏண்டா இப்டி இருக்க? அப்பறம் புடிக்காம இன்னா பண்ணுவாங்க?" என்றார்கள். அன்றைக்கு வெட்டியிருந்தால் நான் திருடன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். இன்றைக்கு வெட்டினாலும் அப்படித்தான்.

மற்றதெல்லாம் செய்கிறேன். வெள்ளைச் சட்டை, வேட்டி. புருவ வளையத்தைக் கழற்றிவிடுகிறேன். முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். வீடியோக்காரர் என் முதுகுப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இதை நீயே அவர்களிடம் நேராகச் சொல்லிப் பார். நம் வீட்டில் டிகிரி வாங்கியவள் நீ ஒருத்திதான். நீ சொன்னால் கேட்பார்கள்.

பொரியை ஒன்றுகூடச் சிந்தாமல் போடுவேன்.

உன் தம்பி,
செழியன்

காணை
18.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்! என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மூன்று நாள் படித்துவிட்டு மாப்பிள்ளைக்கே போன் செய்தேன். தாளில் இருந்ததில் பாதிதான் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றார்.

நேற்று அந்த மாமாவே பத்திரிகைக் கட்டோடு வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "வரட்டும்மா. பொரியும் அவரே போடட்டும். இதுல இன்னா பேஜாரு? நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பாவின் தோளைத் தட்டி, "சின்னப் பசங்கன்னா அப்டித்தான் இருக்கும்" என்றார். அப்பா எழுந்து போகவில்லை.

முதல் நாளே உன்னை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரக் கார் அனுப்புகிறாராம். "எந்த பஸ்ஸு, எத்தன மணின்னு மட்டும் கேட்டுச் சொல்லு, ஜல்தியா" என்றார். உடனே எழுது. அம்மா நேற்றிலிருந்து அடுப்படியில் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா,
கலைமதி

குயிலாப்பாளையம்
27.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை ஏழாம் தேதி பாண்டியில் இரண்டு மணி பஸ்ஸில் ஏறுகிறேன். திண்டிவனத்துக்கு மூன்றரைக்கு வந்துவிடும். வேட்டி வாங்கியாயிற்று. கட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது. பெனாசிர் அக்கா பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

என்னைக் கூப்பிட ஒரு கார் வருவது இதுதான் முதல் தடவை. தாண்டவராயன் மாமாவுக்கு நன்றி சொல்.

உன் தம்பி,
செழியன்

குயிலாப்பாளையம்
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கல்யாணத்துக்கு வரவில்லை. நீ பத்துத் தடவை போன் செய்திருந்தாய். எடுக்கவில்லை. என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பஸ் சரியாக மூன்றரைக்கு நின்றது. தாண்டவராயன் மாமாவும் மூன்று பையன்களும் வந்திருந்தார்கள். "வா மச்சான், வா மச்சான்" என்று கட்டிப்பிடித்தார்கள். ஒருவன் பையை வாங்கிக்கொண்டான். காரில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். கார் நின்றதும் மண்டபம் என்று நினைத்து இறங்கினேன். சலூன்.

கடையில் வேறு ஆள் இல்லை. முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். "அஞ்சே நிமிசம் மச்சான், அழகா போயிடலாம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "ஆட்டாத மச்சான், காது போயிடப் போவுது." கையை உதறினேன். மெஷின் நடு நெற்றியிலிருந்து ஒரு தடவை பின்னால் ஓடியதும் விட்டுவிட்டேன். அதற்குமேல் உதறி என்ன?

யாரும் அடிக்கவில்லை. திட்டவில்லை. முடிந்ததும் மாமா தன் துண்டால் என் கழுத்தைத் துடைத்துவிட்டார். "இப்பதான்யா மனுசன் மாதிரி இருக்க" என்றார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை. சர்க்கரை அதிகமாக இருந்தது.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கடைக்குப் பின்னால் போய் அப்படியே நடந்து பாண்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பை காரிலேயே இருக்கிறது.

ஏன் மண்டபத்துக்கு வரவில்லை என்று நீ கேட்பாய். வந்திருந்தால் எல்லோரும் என்ன சொல்லியிருப்பார்கள்? அக்காவுக்காக வெட்டிக்கொண்டான், நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பார்கள். அப்பா என்னோடு பேசியிருப்பார், இரண்டு வருஷத்துக்குப் பிறகு. திட்டினால் நின்றிருப்பேன் அக்கா. அவர்கள் சந்தோஷப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

பஸ் நேரத்தை நீ சொன்னதால்தானே என்று கலங்காதே. கார் அனுப்புவதாகச் சொன்னார்கள், நீ சொன்னாய். உனக்குத் தெரிந்திருந்தால் ஒரு போன் செய்திருப்பாய். நான் வழியிலேயே இறங்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போகிறேன். இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெனாசிர் அக்கா மட்டும் நான் திரும்பிப் போன அன்றைக்கு என் பங்கு மாவையும் அவர்களே பிசைந்தார்கள்.

உன் தம்பி,
செழியன்

திண்டிவனம்
29.6.2025

அன்புள்ள செழியனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ராஜ்குமார் பொரி போட்டான். இவர் நல்லவர், கடையை மூடிவிட்டு வந்தால் முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார். அந்த சலூன் விஷயம் அவருக்குப் பிறகுதான் தெரியுமாம்.

எனக்கு முன்பே தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை எனக்கு நலங்கு வைத்தார்கள். புடவைத் தட்டோடு வந்திருந்த மாமா அம்மாவிடம் சொன்னார். "கவலப்படாதீங்க. பஸ்ஸ விட்டு எறங்கனதும் முடிய எடுத்துட்டுதான் மண்டபத்துக்கே கூட்டியாருவேன். சலூன்ல சொல்லி வெச்சாச்சு." அம்மா, "ஐயோ, அவன் கோவப்படுவானே" என்றாள். "கோவம் ஒரு நாளுதாம்மா. போட்டோ காலத்துக்கும் இருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, சரிதான?" என்று கேட்டார். முகத்தில் மஞ்சளோடு நின்றிருந்தேன். தலையாட்டினேன்.

நீ சொன்னது சரிதான், ஒரு போன் செய்திருந்தால் போதும். வியாழன், வெள்ளி, சனி மதியம் வரை போன் என் பக்கத்திலேயே இருந்தது. பயம் என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். பயமும் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை. நான் கேட்டு நீ மாட்டேன் என்ற காரியம், நான் இன்னொரு தடவை கேட்காமலே நடந்துவிடும் என்று இருந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. சனிக்கிழமை மூன்றரைக்கு எனக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு கையும் ஈரம். அதுவும் வசதி.

சாயங்காலம் அந்த வீடியோ மண்டபத்தில் எல்லோர் போனிலும் ஓடியது. என் கையில் மருதாணி இருந்ததால் என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்கள். நீ உதறுவது தெரிகிறது. பிறகு நீ அசையாமல் இருப்பதும் தெரிகிறது. இவருடைய தங்கை, "அட, மச்சான் அழகாத்தான இருக்காரு" என்றாள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் எழுதாமலே இருந்திருக்கலாம்.

அழுகை வரவில்லை. போட்டோவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆடிக்கு என்னை அழைத்துப்போக நம் வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும். நீ வருவாயா என்று கேட்கிறேன். இந்தத் தடவை எப்படி வர வேண்டும் என்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

கலைமதி

குயிலாப்பாளையம்
12.7.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தலையாட்டினேன் என்று எழுதியிருந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. எதுவும் வரவில்லை.

ஆடிக்கு ராஜ்குமார் வருவான். அம்மாவிடம் பேசிவிட்டேன். நீ கடிதம் எழுதுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் இனிமேல் யார் பிரித்துப் படித்தாலும் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி எழுது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இங்கு நான் நலம். இரண்டு நாளாக மழை பெய்கிறது. வேலை வழக்கம்போல நடக்கிறது. தங்கள் நலமும் மாமா அவர்களின் நலமும் அறிய ஆவல். கடை வியாபாரம் நன்றாக நடக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். தாண்டவராயன் மாமாவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சீ. நெடுஞ்செழியன்