காவிரியில் என் பக்கம் வந்து நின்றீர்கள்

அன்பு மச்சான் ஜாபருக்கு, உங்கள் மண்ணறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று துஆ கேட்டபடி எழுதுகிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. தங்கை நூரு வேளைக்குச் சாப்பிடுகிறாள், தூக்கம்தான் குறைவு. தர்மபுரியில் இன்று நல்ல மழை. கடைக்கு யாரும் வரவில்லை. உங்களோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில், ஒகேனக்கல்லுக்கு மேலே ஆற்றோரம் தங்கினோமே, நினைவிருக்கிறதா? என் தங்கையை நீங்கள் நிக்காஹ் செய்து இரண்டு வருஷமாகியும் நான் உங்களோடு பேசியதில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று நாலு பேர் முன்னால் அத்தாவிடம் கேட்டவன் நான். அது உங்கள் காதிலும் விழுந்தது. கடைசியில் நூருதான் நம்மைப் பிடித்துத் தள்ளினாள். "ரெண்டு பேரும் ஆத்துக்குப் போயிட்டு வாங்க. பேச்சு வரலைன்னா மீனாச்சும் வரட்டும்."

பரிசல்காரர் மணலில் இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். தார்ப்பாயைக் கட்டினோம். தூண்டிலை ஆளுக்கொரு பக்கம் போட்டோம். கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விட்டிருந்த கெண்டைகளை நீர்நாய்கள் கூட்டமாக வந்து தின்றுவிட்டன, தலைகள்தான் மிச்சம். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தேன். ஐந்து யானைகள், ஒரு குட்டியோடு, கரைக்கு இறங்கின. எனக்குப் பின்னால் ஆழமான மடு. காலையில் அங்கேதான் பாறைமேல் முதலை படுத்திருந்தது. எந்தப் பக்கமும் போக வழியில்லை.

நீங்கள் கரையில், பெரிய பாறைக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். அதில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. ஓரமாகவே தண்ணீரில் இறங்கி, சத்தமில்லாமல் நடந்து வந்து என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"அசையாதீங்க மச்சான். தண்ணி குடிச்சிட்டுப் போயிரும்ங்க."

தாய் யானை தும்பிக்கையைத் தூக்கி நம் பக்கம் மோப்பம் பிடித்தது. நீங்கள் என் முழங்கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து யானைகள் காட்டுக்குள் திரும்பின.

கரையேறியதும், ஏன் பாறைமேல் ஏறவில்லை என்று கேட்டேன். உங்களிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க தனியா நின்னீங்க" என்றீர்கள்.

சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னேன், "அன்னைக்கு அத்தாகிட்ட நான் பேசினது தப்புங்க."

"வாங்க, கொழம்பு கொதிக்குது" என்று அடுப்புப் பக்கம் போனீர்கள். அப்போதே மன்னித்துவிட்டீர்களா, இல்லை அதற்கு இன்னும் நாளானதா? அப்புறம் எத்தனையோ வருஷம் பழகியும் நான் கேட்டதில்லை.

ஒரு செய்தி. உங்கள் மகள் சபீனா, பாலக்கோட்டில் தன்னோடு வேலை செய்யும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்கிறாள். தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகன். நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். நூருவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே பாலக்கோட்டுக்குப் போய் அந்தப் பையனைப் பார்க்கிறேன் மச்சான். அவன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுகிறேன். நல்ல பிள்ளையாக இருந்தால், யார் வந்தாலும் வராவிட்டாலும், சபீனாவின் நிக்காஹில் நான் இருப்பேன்.

துஆவுடன்,
நூருவின் அண்ணன், உங்கள் மச்சான்
காதர்