எண் 27, விதி 4

02.11.2025, ஞாயிறு

அதிகாலை 5.40 முதல் தூறல். லென்ஸ் பெட்டிக்குள் ஈரம். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் பழையன, மாற்ற வேண்டும். பெரிய லென்ஸின் உட்கண்ணாடியில் பூசணம், கடுகளவு. சென்ற மழைக்காலத்தில் இல்லை.

எங்கள் புகைப்படச் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்கு வந்த படங்களைப் பதிவேட்டில் ஏற்றினேன். கடைசி நாள் 31.10, வெள்ளி, மாலை 5 மணி, அரியலூரில் என் வீடு. வந்தவை 41. மாலை 5.20-க்கு வந்த இரண்டைத் திருப்பி அனுப்பியாயிற்று. பெரம்பலூர்க்காரர்களுக்கு வருத்தம். பஸ் தாமதமாம். பஸ் தாமதமாகும் என்பதை எண்ணித்தான் ஒரு மாதம் முன்னதாகத் தேதி அறிவிக்கப்படுகிறது.

சவரிமுத்து (இனி ச.மு.) அன்று 4.35-க்கே வந்துவிட்டார், வரதராஜன்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் என்னோடு பத்தொன்பது ஆண்டுகள். மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். கொண்டுவந்தது அச்சுப் படம் ஒன்று, அதன் மூலக்கோப்பு அடங்கிய பென் டிரைவ் ஒன்று. வரிசை எண் 27. தலைப்பு ‘மழைக்கு முன்’. தார்ச்சாலையில் காயவைத்த மக்காச்சோளத்தின் மேல் இரண்டு பெண்கள் தார்ப்பாயை இழுக்கிறார்கள். பின்னால் கருத்த வானம். ஒரே ஒரு கீற்று வெயில்.

“இதான் சார் கடைசிப் படம். கண்ணுல பிரஷராம். ஓரமெல்லாம் போயிடுச்சு, நடுவுல மட்டும் ஓட்ட மாதிரி தெரியுது. அதுவும் மூடிக்கும்னு திருச்சி டாக்டர் சொல்லிட்டாரு.”

நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. பரிசு தமக்குப் பெரிதில்லை என்றும் சொன்னார். தெரிந்தவர்கள் எல்லாம் இரக்கப்பட்டு நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார்களாம். எடுத்தவன் யாரென்று தெரியாத நடுவர் பார்த்து என்ன சொல்கிறார் என்பதை ஒரு முறை காதால் கேட்டுவிட்டால் போதுமாம்.

ரசீதைக் கொடுத்தேன்.

06.11.2025, வியாழன்

மழை. மின்சாரம் 10.15 முதல் 11.50 வரை இல்லை. இரத்த அழுத்த மாத்திரை நேற்று விட்டுப்போயிற்று.

நடுவர் வரும் கூட்டத்தில் ஒட்டுவதற்காக முக்கிய விதிகளை மீண்டும் எழுதினேன்:

வி. 4. படம், கடைசி நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். மூலக்கோப்பில் கேமரா பதிந்துள்ள தேதியே சான்று.

வி. 8. முடிவு அறிவிக்கும்வரை போட்டிச் செயலாளர், போட்டியாளர் எவரோடும் படம் குறித்துப் பேசலாகாது.

வி. 12. கூட்டத்தில் வாசிக்கப்பட்ட முடிவே இறுதி. மறு ஆய்வு இல்லை.

மூன்றும், போட்டிச் செயலாளரான என் கையால் எழுதியவை. வி. 4 சும்மா எழுதப்பட்டதன்று. கல்லங்குறிச்சிக் கோயில் தேரை என்றோ படமெடுத்த ஒருவர், ஒரே படத்தை மூன்று தலைப்புகளில் மூன்று ஆண்டுகள் கொண்டுவந்தார். இரண்டு முறை பரிசும் வாங்கினார்.

பிற்பகல் 2 மணி முதல் கோப்புகளைச் சரிபார்த்தேன். 26 வரை குற்றமில்லை. எண் 27: 19.02.2016.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். 2016-தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய படம். ச.மு.வா இப்படி? பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்தேன்.

போனை எடுத்தேன். அவர் எண்ணைத் தேடினேன். வி. 8. வைத்துவிட்டேன். மற்றவர்களுக்குச் செய்யாததை இவருக்கு மட்டும் எப்படிச் செய்வது?

மனைவி கேட்டாள், ஏன் காப்பி ஆறிக் கிடக்கிறதென்று.

09.11.2025, ஞாயிறு

பெரம்பலூர். சங்கத் தலைவர் கண்ணபிரானின் விதைக்கடைக்கு மேல்மாடி. உறுப்பினர் 23 பேர். நடுவர் திருச்சியிலிருந்து 10.10-க்கு வந்தார். ஊத்தப்பம் நன்று. சட்னியில் உப்பு அதிகம்.

வழக்கம்போல் முதலில் நீக்கப்பட்டவற்றை வாசித்தேன். பெயரும் காரணமும் வாசிக்கப்பட வேண்டும் என்பது முறை. ஒன்றே ஒன்றுதான். “எண் 27, திரு. சவரிமுத்து, விதி 4, ஒன்பது ஆண்டுப் பழமையான படம், நீக்கம்.”

ச.மு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் நின்ற திசையைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

“சார், அது தை மாசம் எடுத்தது சார்.”

பின்வரிசையில் யாரோ, “எந்த வருஷத்துத் தைன்னு கேளுங்க சார்” என்றார். சிரித்தார்கள். எல்லாரும் அல்ல, ஐந்தாறு பேர். இப்போது கூடாது, பிறகு பேசலாம் என்றேன். அவர் உட்கார்ந்தார். நடுவர் முதல் படத்தை எடுத்தார். எண் 9-க்கு மதிப்பெண் கூறிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், ச.மு.வின் நாற்காலி காலி. வெளியே நல்ல மழை. குடை எடுத்துப் போனாரா தெரியவில்லை.

நடுவர் எண் 27-ஐப் பார்க்கவே இல்லை. நீக்கியதைக் காட்டும் வழக்கமில்லை.

11.11.2025, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

காலை 8.05-க்கு ச.மு.விடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. எழுத்து தெரிவதில்லை, அதனால் குரல். 22 விநாடி.

“சார், வணக்கம். நம்மள குரூப்லேருந்து எடுத்துடுங்க. சங்கத்துலேருந்தும். படத்த மட்டும் யார்கிட்டயாவது குடுத்தனுப்பிச்சா போதும். வேற ஒண்ணுமில்ல.”

நான்கு முறை கேட்டேன். பின்னணியில் குக்கர் சத்தம்.

13.11.2025, வியாழன்

மீண்டும் மழை. லென்ஸில் பூசணம் இரண்டு இடங்களில்.

ச.மு.வின் விலகலைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. நீக்கத்துக்கான சான்றை முழுமையாகக் குறிக்கலாமென்று எண் 27-இன் கோப்பைத் திறந்தேன். தேதி: 19.02.2016. நேரம்: 02.47.

கேமராவில் இருபத்து நான்கு மணிக் கணக்கு. 02.47 என்றால் பின்னிரவு.

படத்தில் வெயில். அந்தப் பெண்களின் நிழல் சோளத்தின் மேல் நீளமாக விழுந்திருக்கிறது.

எழுந்து வாசல்வரை போய்வந்தேன். 2016-உம் பொய், 19-உம் பொய். சிறு பேட்டரி தீர்ந்தால் கேமராவின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக நானே சொல்லிவருவது இது. 41 கோப்புகளிலும் நாளைப் பார்த்தேன். ஒன்றிலும் மணியைப் பார்க்கவில்லை. விதியில் நேரம் என்ற சொல்லே இல்லை.



15.11.2025, சனி

கடிகாரம் தவறு என்பதனால் மட்டும் படம் இவ்வாண்டினது என்று ஆகிவிடாது. சான்று வேண்டும். படத்தில் ஒரு பெயர்ப்பலகை பாதி தெரிகிறது: ‘...மங்கலம் 2 கி.மீ.’ பெருக்கிப் பார்த்தால் ‘ம’வுக்கு முந்தைய எழுத்து ‘ர’. விக்கிரமங்கலம்தான்.

9.20 பஸ். படத்தைப் பிளாஸ்டிக் உறையில் எடுத்துப்போனேன். தேநீர்க் கடையில் காட்டியதும், “அட, நம்ம செல்வி” என்றார்கள். மூன்றாவது வீடு. படத்தில் தார்ப்பாயின் முன்முனையைப் பிடித்திருக்கும் அதே அம்மாள். வயது ஐம்பது இருக்கும். எப்போது எடுத்தது என்று கேட்டேன்.

“இந்தத் தையிலதான் ஐயா, பொங்கல் கழிச்சு. திடுதிப்புனு மழ வந்துச்சே, அன்னிக்கு. பின்னால இழுக்கறது எம் மருமவ. வயிறு தெரியுது பாருங்க, அஞ்சு மாசம். இந்தா, அந்தப் பய இங்க கெடக்கான்.”

தூளியில் குழந்தை. வைகாசியில் பிறந்ததாம். இது 2016-இல் எடுத்த படமென்று ஒருவர் சொல்லிவிட்டதாகக் கூறினேன்.

“ரெண்டாயிரத்துப் பதினாறுலயா? அப்ப எம் மருமவ பள்ளிக்கூடம்ல போயிட்டிருந்திருக்கும். எந்தக் கூறுகெட்டவன் ஐயா அப்புடிச் சொன்னது?”

ஓர் அதிகாரி என்றேன்.

படம் எடுத்தவர் உடனே கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தாமும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார் என்றும், கல் தடுக்கி விழப்பார்த்தார் என்றும் அந்த அம்மாள் சொன்னார். மோர் கொடுத்தார்கள். அவர் சொன்னபடியே எழுதி வாங்கிக்கொண்டேன்: மருமகள் திருமணம் ஆவணி 2024, குழந்தை வைகாசி 2025. கையொப்பம் இட்டார்.

16.11.2025, ஞாயிறு

பெரம்பலூர். என் வேண்டுகோளின்பேரில் செயற்குழுக் கூட்டம். ஐவர். கோப்பின் நேரம், செல்வி அம்மாளின் கையெழுத்து, எல்லாம் வைத்தேன். பிழை என்னுடையது என்றேன். எண் 27-ஐப் போட்டியில் சேர்த்து, நடுவரை மீண்டும் அழைக்க வேண்டும் என்றேன்.

தலைவர் கண்ணபிரான் நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“சார், தப்பு நடந்துபோச்சு, யாரும் இல்லங்கல. ஆனா பன்னெண்டாம் விதி இருக்கே. அஞ்சு மணி இருபதுக்கு வந்த என் மச்சான் படத்தத் திருப்பி அனுப்புனீங்க, ஒரு வார்த்த கேட்டனா? விதின்னா விதின்னு நீங்கதான சார் எங்களுக்கே சொல்லிக்குடுத்தது.”

வேண்டுமானால் 23-ஆம் தேதிக் கண்காட்சியில் போட்டிக்கு வெளியே, ‘பார்வைக்கு’ என்ற அட்டையோடு மாட்டிக்கொள்ளலாமாம். வாக்கெடுப்பு: எனக்கு ஆதரவு, என்னைத் தவிர எவருமில்லை. நடவடிக்கைக் குறிப்பை நானே எழுதிக் கையெழுத்திட்டேன். எதிலும் பிழையில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. இடது தோள் முழுதும் நனைந்தது.

18.11.2025, செவ்வாய்

வரதராஜன்பேட்டை. 11.40-க்கு ச.மு.வின் வீடு. அவர் மனைவி ரீத்தா கதவைத் திறந்து, வாங்கண்ணே என்றார். சிரிக்கவில்லை. ச.மு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர் முகம் சுவர்ப்பக்கம்.

நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். கேமரா, கண் அறுவைச் சிகிச்சைச் சமயத்தில் ஐந்தாறு மாதம் பீரோவில் கிடந்ததாம். கார்த்திகையில் மீண்டும் வெளியே எடுத்தபோது திரையில் என்னவோ கேட்டதாம். படிக்க முடியாமல் ஓ.கே.யை அழுத்தினாராம்.

“ஒரு போன் அடிச்சிருந்தா சொல்லியிருப்பனே சார்.”

விதி 8 என்றேன்.

“சரி. நான் பொய் சொல்ற ஆளுன்னு எத்தனையாவது விதில சார் போட்டிருக்கு?”

ரீத்தா உள்ளே போய்விட்டார். நான் படத்தின் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கண்காட்சியில் மாட்டுவதைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்றார். கண் போனவன் படம் என்று நின்று பார்ப்பார்கள், அதற்கு எடுக்கவில்லை என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“அந்த நடுவர் என்னா சொல்லியிருப்பாருன்னு தெரிஞ்சா போதும். எடுத்த ஆளு யாருன்னு அவருக்குத் தெரியக்கூடாது.”

19.11.2025, புதன்

நடுவருக்குப் படத்தை அனுப்பினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, நடந்த கதை இல்லை. தாமதமாக வந்த ஒரு படம், மதிப்பெண்ணும் கருத்தும் வேண்டும் என்று மட்டும். சங்க முடிவைப் பாதிக்காது என்பதையும் குறித்தேன். மனைவி கேட்டாள், நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லக் கூடாதா என்று. கூடாது.

21.11.2025, வெள்ளி

பதில் இல்லை. மழை. முதுகுவலி.

பூசணம் பிடித்த லென்ஸைத் துடைக்க முயன்றேன். உட்பக்கம். எட்டாது.

23.11.2025, ஞாயிறு

கண்காட்சி. அரியலூர். சுவரில் 40 படங்கள். கூட்டம் குறைவு, மழையினால். 12.30-க்கு நடுவரின் பதில் வந்தது.

படிக்கட்டின் கீழே போய் நின்று ச.மு.வை அழைத்தேன். மனைவி பின்னாலேயே வந்தாள். எதை விட்டுப் படிக்க வேண்டுமென்று காதருகில் சொன்னாள். நான் எழுத்து விடாமல் படித்தேன்:

“தருணம் அருமை. இளம்பெண் பாயை இழுக்கும் உடல் வளைவில் உண்மையான அவசரம் தெரிகிறது. ஒளியைக் கையாண்டவர் அனுபவசாலி. ஆனால் வலது ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் சக்கரம் நுழைந்து கண்ணை இழுத்துவிடுகிறது. இதைக் கவனியாதது வியப்பு. மதிப்பெண் 7½.”



“சக்கரமா?” என்றார்.

வலது மூலையில், கால் வட்டம் அளவுக்கு என்றேன். படத்தை எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன். நடுவர் சொன்ன பிறகுதான் அதைப் பார்த்தேன். அதையும் சொன்னேன்.

“ஆறு மாசமா வூட்டுல மாட்டியிருந்துச்சு சார். ரீத்தா தெனம் தொடைக்கும். ஒருத்தரும் சொல்லலியே.”

பிறகு கேட்டார், “ஏழரைக்குப் பரிசு வந்திருக்குமா?”

மூன்றாம் பரிசுக்கு 8. வந்திருக்காது என்றேன்.

“அப்ப நீங்க எங்கிட்டேருந்து ஒண்ணும் எடுத்துக்கல சார். விடுங்க.”

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டார். மணி 1.12.