உண்டியல் டப்பாவில் ஒட்டிய படம்

ஞாயிறு, மதியம் இரண்டு மணி

அன்பு மகள் மோர்வெனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, கிர்ஸ்டி, நான் மூவரும் சுகம், நாய்க்கு மட்டும் சளி பிடித்திருக்கிறது, அது ஏன் என்பது பின்னால் வரும். அங்கே நியூசிலாந்தில் நீயும் நீ வைத்தியம் பார்க்கும் ஆடுகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டாவது நிமிடமே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், உனக்கே தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன் உன் தங்கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. பெருமையை முதலில் எழுதுகிறேன், கை கொஞ்சம் பழகட்டும்.

வீட்டுச் செய்தி அதிகமில்லை. சமையலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. ஏறிப் பார்க்கலாம் என்றால் ஏணி உன் சித்தப்பா காலினிடம் இருக்கிறது, நீ ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு மாதத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவனிடம் ஏணியை எதிர்பார்த்தது என் தப்பு. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் நாற்காலியில் இன்னும் அந்த கோல்ஃப்காரர்தான் உட்கார்ந்திருக்கிறார். இருபத்தெட்டு வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்த நான் அவரிடம் விடுப்புக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவரைத் தேர்ந்தெடுத்த குழுவில் ஆர்ச்சி டர்ன்புல்லும் ஒருவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆர்ச்சி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் கடைக்காரர், முப்பது வருடமாக ஊரின் நிதி திரட்டும் குழுவுக்குத் தலைவர், உனக்கு எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தபோது முடியில்லாத தலையும் மூக்கில் குழாயுமாக இருந்த உன் படத்தைக் கடைகடையாக உண்டியல் டப்பாக்களில் ஒட்டிய ஆள். நீ குணமாகி வீட்டுக்கு வந்த வாரம் மிட்டாய்க் கடைக்குப் போனாய், கல்லா மேல் உன் முகமே உன்னைப் பார்த்தது, கையில் இருந்த காசோடு அப்படியே திரும்பி வந்தாய். அதன்பின் பள்ளியில் உன்னை உண்டியல் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதானதும் பூமியில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனாய். அதற்கு ஆட்டு வைத்தியம் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

கிர்ஸ்டியின் வகுப்பில் ஜீனி என்று ஒரு பெண் இருக்கிறாள். தை மாதக் குளிரில் அவளுக்கும் அதே நோய் என்று தெரிந்தது, அன்றிலிருந்து எடின்பரோ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். போன மாதம் ஒருநாள் பாதிப் பொழுதுக்கு மட்டும் பள்ளிக்கு வந்தாளாம். பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு ஊசி வலிக்குமா, முடி திரும்ப வருமா, செத்துப்போவியா என்று கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். அதில் முக்கால்வாசிக் கேள்வி நம் வீட்டுப் பெண்ணுடையதாகத்தான் இருந்திருக்கும். ஜீனி அவளைப் பார்த்து, "உங்களால ஒரே ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருக்க முடியுமாடி?" என்று கேட்டுவிட்டாள். கிர்ஸ்டி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அதையே ஒரு திட்டமாக்கிவிட்டாள். வகுப்பில் ஒன்பது பேர், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை வாய் திறப்பதில்லை, ஊர்க்காரர்கள் ஸ்பான்சர் தாளில் பேரும், ஜெயித்தால் தரும் தொகையும் எழுத வேண்டும், வருவது முழுக்கக் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு. பெரியவர்களுக்கென்று செய்த மருந்தைக் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்கிறார்கள், எங்களுக்கென்று ஒன்று வேண்டாமா என்று ஜீனி கேட்டாளாம். கிர்ஸ்டி அதை வீடுவீடாகப் போய் அப்படியே ஒப்பித்தாள். ஜீனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. என் பேரும் வேண்டாம், என் மூஞ்சியும் வேண்டாம்.

ஊர் சிரித்தது. இறைச்சிக் கடை டேவி கிர்ஸ்டி நீட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்து மணி நேரமா? இந்த வாயா? பத்து நிமிஷத்துக்கு எழுதிக்கறேன் தாயி, அதுக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றான். ஆர்ச்சி பிள்ளைகளின் கூட்டத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஊர் மண்டபத்தைத் தருகிறேன், சூப்புக்கும் ஏற்பாடு செய்கிறேன், ஆனால் ஒரு முகம் வேண்டும், முகம் இல்லாமல் எவனும் பாக்கெட்டில் கை விடமாட்டான், இது என் முப்பது வருட அனுபவம் என்று சொன்னாராம். பிள்ளைகள் ஒன்பது பேரும் முடியாது என்றதும் சரி, உங்கள் இஷ்டம் என்று எழுந்து போய்விட்டார். அவர் ஒரு விஷயத்தை அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லையே என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை நம் வீடு இருந்த நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். கஞ்சிக்குச் சர்க்கரை போதாது என்பதைக் கிர்ஸ்டி கரண்டியால் தட்டித் தட்டிச் சொன்னாள். எழுதிக் காட்டினால் என்ன என்று அம்மா கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எழுதிக் காட்டுவது ஏமாற்று என்று ஒன்பது பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்களாம். பள்ளி விட்டு வந்து நாயை ஆற்றோரம் கூட்டிப் போனாள், நானும் போயிருந்தேன். அது ஒரு வாத்தைக் கண்டு ட்வீட் ஆற்றுக்குள் பாய்ந்துவிட்டது. வெள்ளம் கொஞ்சம் கூடுதலான நாள். பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் திரும்பியிருக்கும், அது அவள் குரலுக்குத்தான் கட்டுப்படும், என்னை மதிக்காது. அவள் வாயைத் திறக்காமல் கையைத் தட்டிக்கொண்டே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். நான்தான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு உறுதி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை.

மாலை ஐந்தரைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒன்பது பேரும் முதல் வரிசையில், உதட்டைக் கடித்துக்கொண்டு. ஆர்ச்சி மேடையேறி, எழுபத்து நான்கு வயதுக்குக் குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது, இந்த ஊர் யாரையும் கைவிட்டதில்லை என்று ஆரம்பித்தார். பிறகு விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் நீ வந்தாய். ஆறடி உயரத்தில், அதே தலை, அதே குழாய், வார்டில் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த காகிதக் கிரீடம் கையில். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வருடமாக இந்த மனிதரை மனதுக்குள் திட்டித் தீர்த்தவன், அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய நேரத்தில் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு இருந்தேன், அதற்கான காரணம் எனக்குத் தெரியும், உனக்கும் இன்னும் கொஞ்சத்தில் தெரியும். அப்போது முன் வரிசையில் கிர்ஸ்டி எழுந்து நின்றாள். ஆறு மணிக்கு இருபது நிமிடம் பாக்கி. மற்ற எட்டுப் பேரும் அவள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், உட்காரு என்று கண்ணால் கெஞ்சுகிறார்கள்.

"டர்ன்புல் சார், அக்காவக் கேட்டீங்களா?"

நாள் முழுக்கப் பேசாததால் தொண்டை கட்டி, குரல் யாருடையதோ போல் வந்தது. ஆர்ச்சிக்குப் புரியவில்லை, எந்த அக்காவ பாப்பா என்றார். "படத்துல இருக்கிற அக்காவ. நியூசிலாந்துல இருக்கா. போன் பண்ணா எடுப்பா. கேட்டீங்களா?" என்றாள். ஆர்ச்சி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான், வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு அவளிடம், "இல்லம்மா. கேக்கல" என்று சொல்லிவிட்டு அவரே போய்ப் படத்தை மாற்றினார், பதற்றத்தில் எதையோ அழுத்த, அவர் போன வருடம் பரிசு வாங்கிய முட்டைக்கோஸ் திரை நிறைய வந்து நின்றது. மண்டபம் சிரித்தது, அவரும் சிரிக்கப் பார்த்தார். கிர்ஸ்டி உட்கார்ந்து மறுபடி வாயை மூடிக்கொண்டாள். கணக்கில் தோற்றாகிவிட்டது, ஆனாலும் ஆறு மணி அடிக்கும் வரை திறக்கவில்லை. அடித்ததும் ஒன்பது பேரும் போட்ட கூச்சலில் அவள் குரல்தான் மேலே கேட்டது.

நேற்றுக் காலையில் ஸ்பான்சர் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இருபது நிமிடம் முன்னால் பேசிவிட்டேன், உங்கள் பெயரை அடித்துவிடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாளாம். ஒருவர்கூட அடிக்கவில்லை. டேவி, "நான் எழுதினது பத்து நிமிஷத்துக்கு. அத எட்டேகாலுக்கு முன்னாடியே ஜெயிச்சிட்டே. ஓடு, கடையில கூட்டம்" என்று விரட்டியிருக்கிறான். ஜீனி வார்டிலிருந்து போன் செய்தாள். உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும்டி என்றாளாம், பிறகு இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். என் வேலையில் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் மோர்வென், தைரியசாலிகள் என்று பரிசு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இவளைப் போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை. இதை இவளிடம் சொல்லவில்லை, ஏற்கெனவே தரையில் கால் பாவவில்லை.

பெருமை இத்தோடு முடிந்தது. இனி மற்றது.

அவள் வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் ஆர்ச்சி வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில், ஒரு பழுப்பு உறை. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, மிதியடி வரை விட்டேன். உறையை நீட்டி, "ஹெக்டர், இது ஒன்னோடது. நீ குடுத்ததுதானே, நீயே வச்சிக்கோ. இனிமே எங்கிட்ட இருக்கறது சரியில்ல" என்றார். மாடிப்படியில் கிர்ஸ்டி நின்றிருந்ததை இருவருமே பார்க்கவில்லை. அப்பா குடுத்ததா என்றாள். ஆர்ச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார், சட்டென்று, "இல்ல பாப்பா, எனக்கு வயசாச்சு, ஞாபகம் தடுமாறுது, ஆஸ்பத்திரியில யார்கிட்டயோ வாங்கினது" என்றார். கூசாமல் பொய் சொன்னார், எனக்காக. மண்டபத்தில் நூறு பேர் முன்னால் என் பேரைச் சொல்லாமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதும் எனக்காகத்தான். நான் அப்படியே விட்டிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் கொடுத்தேன் என்றேன்.

ஆமாம் மோர்வென், நான்தான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வைத்து அவர் கேட்டார், நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது மருந்தும் உனக்குக் கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மதியம் அது. யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். கொடுத்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம், அதற்குப் பின் நடந்ததற்குச் சொல்ல முடியாது. மிட்டாய்க் கடையிலிருந்து திரும்பி வந்து, என் படத்த அவங்களுக்கு யாருப்பா குடுத்தா என்று நீ கேட்டாய். அந்த டர்ன்புல் யாரிடமோ வாங்கிவிட்டான் என்று சொன்னேன். நீ நம்பினாய். அம்மாவும் நம்பினாள், நேற்றுதான் அவளுக்கும் தெரியும், இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு அந்தப் பொய்யை நானே நம்பி அந்த மனிதர் மேல் பத்தொன்பது வருடம் கோபத்தை வளர்த்தேன். அவர் ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் வேலை விஷயத்தில் அவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை, அது வேறு. இதில் அவர் என்னைவிட நன்றாக நடந்துகொண்டார் என்பதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குப் புரியும்.

கிர்ஸ்டி அழவில்லை, கத்தவுமில்லை. "அக்காகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன், அப்புறம் நானே போன் பண்ணிடுவேன் என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சளி மருந்து கொடுக்கப் போய்விட்டாள். இன்று ஞாயிறு. கடிதம் எழுதியாகிறது, அது போய்ச் சேரும் வரை பொறுக்கச் சம்மதித்திருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று கேட்டால் நீ சரிப்பா, பரவாயில்லை என்பாய், உன் சுபாவம் அது. அதனால் பதில் சொல்லும்படி அவசரப்படுத்தவில்லை. வேண்டிய மட்டும் கோபப்படு, நம் குடும்பத்தில் கோபத்தை எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று உனக்குத் தெரியாததில்லை, என்னைப் போல் மட்டும் வைத்துக்கொள்ளாதே. வெயிலில் தொப்பி போட்டுக்கொள், வருடா வருடம் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, தனியாக மலைப்பக்கம் வண்டி ஓட்டாதே. உடம்பும் மனமும் திடமாக, உனக்குப் பிடித்த இடத்தில் பிடித்த வேலையோடு நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது. அந்த உறை மேசை மேல் இருக்கிறது. வேறு பிரதி இல்லை, கணினியில் இருந்ததையும், நேற்று நான் அவர் கடைக்குப் போனபோது, ஆர்ச்சி என் கண் முன்னாலேயே அழித்துவிட்டார். உனக்கு அனுப்பட்டுமா, இங்கே வைத்திருக்கட்டுமா, அடுப்பில் போடட்டுமா? உன் படம், நீ சொல். நீ சொல்லும் வரை இந்த வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டோம்.

உன்னைக் கேட்காமல் விட்ட,
அப்பா
ஹெக்டர் லேங்