வெள்ளிக்கிழமை சாப்பிடாத பாம்பு

தம்பி,

இன்று காலை, பாம்புக்கென்று நீ வாங்கி உறையவைத்திருந்ததில் கடைசி எலியை எடுத்தேன். எங்கள் ஆட்களின் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஒன்றில் ஆட்டிறைச்சிக் கறி, ஒன்றில் பனங்கிழங்கு ஒடியல்மா, ஒன்றில் போன வருடத்து முருங்கையிலை. எல்லாவற்றுக்கும் அடியில் உன்னுடைய பெட்டி. மூடியில் டேப் ஒட்டி, உன் கோணல் எழுத்தில், 'அம்மா திறக்காதேங்கோ. வெள்ளி குடுக்கக் கூடாது.'

எலியை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு வெறும் பெட்டியைக் கழுவினேன். எறிய மனம் வரவில்லை. மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேஸ்மென்டில் நின்றேன்.

நான் எதையும் எளிதில் மறக்கிறவன் இல்லை. அதை நீயே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். என் கலியாணத்துக்கு வராத பெரியப்பாவை அவர் சாகும்வரை நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு வரவேண்டிய பதவியில் அமர்ந்தவனுக்குப் பதினாறு வருடமாகக் காலை வணக்கம் சொல்வதில்லை. மனைவி பிரிந்துபோனபோது அவளுக்காகச் சாமான் ஏற்ற வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் நினைவில் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் உச்சியில் இருபத்தேழு வருடமாக இருந்தது நீயும் இந்தப் பாம்பும்தான்.

அப்போது மோர்னிங்சைட் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் இருந்தோம். எனக்குப் பதினேழு, உனக்குப் பதின்மூன்று. உன் பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒருவர் விலங்குகளைக் காட்டக் கொண்டுவந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் முயலைத் தடவினார்களாம், நீ பாம்பை வாங்கிக் கையில் வைத்திருந்தாயாம். வீட்டுக்கு வந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய், சாப்பிடும்போதும் மற்றக் கையால் கரண்டி பிடித்தாய்.

"அண்ணா, அது என்ர கையைச் சுத்திப்போட்டு அப்பிடியே நித்திரையாப் போட்டுது. ஒருத்தரும் என்னை அப்பிடி நம்பினதில்லை."

ஊரை விட்டு அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடமாகியும் வகுப்பில் நீ ஒரு சிநேகிதனையும் பிடித்திருக்கவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சை என்னால் தட்டிவிட முடியவில்லை.

அம்மாவும் அப்பாவும் மறுத்தார்கள், ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல. அப்பா சோபாவில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார், பாம்பு ஏற்கனவே வந்துவிட்டதுபோல. "ஊரில எத்தினை புடையன் பாம்பை அடிச்ச கை இது. இஞ்ச கொண்டுவந்து அதுக்குச் சாப்பாடு போடச் சொல்லுறியோ?" அம்மாவுக்குப் பயம் வேறு. "நாகதம்பிரானைப் பெட்டிக்குள்ள அடைக்கிறதோ? ஏழு பிறப்புக்கும் பாவம். கும்பிடுற சாமியை ஆரும் வளர்ப்பினமோ?"

ஆகவே எங்களுக்கு இரண்டு வழக்குகள். அது எமன் இல்லை என்று அப்பாவுக்கும், கடவுள் இல்லை என்று அம்மாவுக்கும் நிரூபிக்க வேண்டும். நீ நூலகத்திலிருந்து படப்புத்தகம் கொண்டுவந்தாய். நான் வழக்கறிஞர் மாதிரி நின்று விளக்கினேன். நஞ்சில்லாத இனம். ஆபிரிக்கா. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும்.

"ஆபிரிக்காவோ?" அம்மா கொஞ்சம் இளகினார். "அப்ப எங்கட தம்பிரானுக்குச் சொந்தமில்லையோ?"

"ஒரு சொந்தமும் இல்லை அம்மா. படமே எடுக்காது."

அம்மா பாதி வழி வந்துவிட்டார். அப்பா வரவில்லை. மூன்று கிழமை கெஞ்சினாய். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. உன் பள்ளிக்கூடத்திலிருந்து. கணக்குப் பாடத்துக்கு வீட்டுவேலை செய்வதில்லை, கவனியுங்கள் என்று நான்கு வரி. வீட்டுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் தமிழாக்கி வாசிப்பேன். அகதி வழக்கு, ஆஸ்பத்திரி, கட்டட நிர்வாகம், எல்லாம். வேலையால் வந்ததும் அப்பா கை கழுவிவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருப்பார், நான் நின்று வாசிப்பேன். அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து நான் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன்.

நீ கடிதத்தோடு முதலில் என்னிடம் வந்தாய்.

"அண்ணா, நீ வாசிக்கேக்க மாத்தி வாசியன். ப்ளீஸ் அண்ணா. பிள்ளையள் ஒரு சீவனை வளத்தால் நல்லதெண்டு ரீச்சர் எழுதியிருக்கிறா எண்டு சொல்லன்."

"விசரோ உனக்கு? நான் ஒரு நாளும் மாத்தி வாசிச்சதில்லை."

"அதுதான் அப்பா நம்புவார்."

அன்று மாலை நான் நின்று வாசித்தேன். 'அன்புள்ள பெற்றோருக்கு' என்பது வரை சரியாக. அதன்பிறகு விஞ்ஞானப் பாடத்துக்காக மாணவர்கள் வீட்டில் ஓர் உயிரினத்தைப் பராமரிப்பது விரும்பத்தக்கது என்றும், அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் குரைக்காத, மணக்காத பிராணி உகந்தது என்றும் வாசித்தேன். எழுத்துத் தமிழிலேயே வாசித்தேன், நம்பும்படியாக. அப்பா முழுவதையும் கேட்டார். "ரீச்சர் சொன்னால் வேறை கதை" என்றார். பள்ளிக்கூடம் என்றால் அவருக்குக் கோயில்தான்.

அந்தச் சனிக்கிழமை கடையில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை உன் மடியில் விட்டுவிட்டு மூன்று இருக்கை தள்ளி இருந்தார். அம்மா கதவிலேயே நின்று நிபந்தனை போட்டார். "வெள்ளிக்கிழமை இந்த வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. உவருக்கும் இல்லை." பாம்பை 'உவர்' என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கியது அன்றிலிருந்து. ஆபிரிக்காவானாலும் எதற்கும் இருக்கட்டும் என்று.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு பெற்றோர் சந்திப்பு வந்தது. அப்பா எங்களுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். பாம்பைப் படம் பிடித்து, சுருளைக் கழுவக் கொடுத்து, வந்த படத்தை ஒரு கவருக்குள் போட்டு, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். சொன்னபடி செய்திருக்கிறோம் என்று ஆசிரியைக்குக் காட்டுவதற்காக. மொழிபெயர்க்கப் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்த ஒரு தமிழ் அன்ரியைக் கூப்பிட்டார்கள். ஆசிரியை படத்தைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், பிறகு நான்கு வரிக் கடிதத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். கூடப் போயிருந்த அம்மா சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். அப்பா படத்தை மெதுவாகத் திரும்பக் கவருக்குள் வைத்தாராம்.

வீட்டுக்கு வந்து அவர் ஏசவில்லை. பாம்பையும் எறியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கட்டட நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அப்பா என்னைத் தாண்டி உன்னிடம் நீட்டினார்.

"சின்னவன், இதை வாசி."

ஒன்பது வயதில் வந்து, தமிழ் எழுத்தைப் பாதி மறந்து, வீட்டுப் பேச்சு மட்டும் மிஞ்சியிருந்த உன்னிடம். நீ எழுத்துக்கூட்டி, இடையில் நிறுத்தி, சொல்லுக்குத் தவித்து வாசித்தாய். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் உன்னை வெறுத்தேன். யோசனை உன்னுடையது, பாம்பு உன்னுடையது, தண்டனை மட்டும் எனக்கு. 'நான்தான் செய்யச் சொன்னனான்' என்று ஒரு வசனம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே.

அதன்பிறகு ஒரு கடிதம்கூட என் கைக்கு வரவில்லை. மிஞ்சிய நேரத்தையெல்லாம் படிப்பில் போட்டேன், கோபத்தோடு. நல்ல பல்கலைக்கழகம் கிடைத்தது, இரண்டு மணி நேரத் தூரத்தில். வேண்டுமென்றே தூரமாகத் தெரிந்தெடுத்தேன். நீ கல்லூரியைப் பாதியில் விட்டு ட்ரக் ஓட்டினாய். பிறகு நீ ரூஜ் பகுதியில் வீடு வாங்கியபோது அம்மா, அப்பா, பாம்பு எல்லாரும் உன்னோடு. நான் தைப்பொங்கலுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பாம்பின் பெட்டிப் பக்கம் திரும்பாமல் போகிறவன். "அண்ணை வந்திருக்கிறார், எழும்பி ஹலோ சொல்லடா" என்று நீ அதனிடம் சொல்வாய். நான் சிரிக்கமாட்டேன். அடுத்த வருடமும் சொல்வாய்.

இந்த மாரிக் குளிரில் வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டிருந்தபோது நீ விழுந்தாய். ஆம்புலன்ஸ் வரும்போதே முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் பாம்பை எடுத்துப்போக வந்தேன். எண்பது வயதில் அம்மா அப்பாவுக்கு எதற்கு இந்தத் தொல்லை, அதை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று. வீட்டில் முப்பத்தொரு நாளும் மச்சம் இல்லை என்பதால் அதுவும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "அவரும் எங்களோட விரதம் இருந்தவர்" என்றார் அம்மா.

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கால்கள் தரையில் இருந்தன.

"உதை இஞ்ச இருந்து ஒருத்தரும் கொண்டுபோகேலாது."

"அப்பா, நீங்கள்தானே வேண்டாமெண்டு நிண்டனீங்கள்."

"நிண்டனான். பிறகு நீ வாசிச்சாய்."

இருபத்தேழு வருடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. பிள்ளை தவறு செய்தால் அடிக்கலாம், ஏசலாம், அவனுடைய இடத்தைப் பறிப்பதா என்று கேட்டேன். செத்தவனைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது என்று தெரிந்தும், யோசனை முழுக்க உன்னுடையது என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அப்பா. "பள்ளிக்கூடத்தால நாங்கள் வந்த அண்டைக்கே என்னட்ட வந்து சொல்லிப்போட்டான். தான் கேட்டபடியாத்தான் நீ வாசிச்சனி எண்டு. அதோட இன்னொண்டும் கேட்டவன். 'அண்ணாக்கு யூனிவெர்சிற்றிச் சோதினை வருது. பின்னேரமெல்லாம் எங்கட கடிதத்தோடதான் போகுது. இனி என்னட்டத் தாங்கோ' எண்டு."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டன். 'சொன்னால் அண்ணா விடமாட்டான், கோவிச்சால்தான் விடுவான்' எண்டான்."

பதின்மூன்று வயதில் என்னை இவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறாய்.

பாம்புப் பெட்டியின் கீழ்த் தட்டிலிருந்து அப்பா ஒரு பழைய கடிதக் கோப்பை எடுத்துத் தந்தார். நீ வாசித்த அந்த முதல் கடிதத்திலிருந்து எல்லாம் இருந்தன. வரிகளுக்கு மேலே பென்சிலில், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாய். அப்பாவுக்கு முன்னால் தடுமாறக் கூடாதென்று முன்கூட்டியே தயார் செய்திருக்கிறாய், அப்படியும் தடுமாறியிருக்கிறாய். ஓர் இடத்தில் சொல் தெரியாமல் கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் 'அண்ணாவைக் கேட்கக் கூடாது' என்பதையும் அதே ஆங்கில எழுத்தில்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே. நீ எனக்குக் கொடுத்ததைச் சொல்லாமல் கொடுத்தாய், நன்றி சொல்ல ஆள் இல்லாமலும் ஆக்கிவிட்டாய். பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. என்ன குற்றம் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று.

பாம்பு அவர்களோடேயே இருக்கிறது. நான் இருக்கும் வோபர்னிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை காலையில் வருகிறேன். இடுக்கியில் பிடித்து நீட்டும்போது இன்னும் கை கூசுகிறது. இன்று கடைசி எலியை அது விழுங்கி முடிக்கும்வரை அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கண் ஆஸ்பத்திரிக் கடிதம்.

"பெரியவன், இதை வாசி."

எழும்பி நின்று வாசித்தேன். கண்ணின் அழுத்தம் பரவாயில்லை. சொட்டு மருந்தைத் தொடரவும். ஆறு மாதத்தில் திரும்ப வரவும். கடிதம் அதோடு முடிந்தது. நான் தாளை மடிக்காமல் அடுத்த வரியையும் வாசித்தேன்.

"அத்துடன், தாங்கள் வீட்டில் வளர்த்துவரும் பிராணியைத் தொடர்ந்து தங்களுடனேயே வைத்திருப்பது தங்கள் கண்களுக்கு மிகவும் உகந்தது."

அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வயிறு புடைத்துச் சுருண்டிருந்த பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரியை இன்னொருக்கால் வாசி" என்றார்.